ஹேண்ட் பிரேக் கேபிளைத் தனியாக மாற்றியபோது யாரும் சொல்லாதவை

என் காரின் ஹேண்ட் பிரேக் லீவர் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே போனது. ஆறேழு பல்லில் (லீவரை இழுக்கும்போது ‘கிளிக்’ என்று விழும் ஒவ்வொரு படியும் ஒரு பல்) கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த வண்டி, பிறகு பத்துப் பல் கேட்டது, பன்னிரண்டு கேட்டது. கடைசியில் லீவரை எவ்வளவு இழுத்தாலும் லேசான சரிவில்கூட நழுவத் தொடங்கியது. ஒர்க் ஷாப்பில் காட்டினேன். லீவருக்கு அடியில் உள்ள நட்டைச் சில சுற்று இறுக்கி, சரியாகிவிட்டது என்று கூலி வாங்கிக்கொண்டார்கள். சில வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதை. மறுபடி இறுக்கினார்கள், மறுபடி கூலி. அப்படி இறுக்கியதற்கே கொடுத்த பணத்தைக் கூட்டினால் இரண்டு பக்கத்துக்கும் புதுக் கேபிள் வாங்கியிருக்கலாம். அதுகூடப் போகட்டும். கடைசி முறை நட்டைப் பலமாக இறுக்கிய பிறகு வண்டி இழுக்கச் சிரமப்பட்டது, பெட்ரோல் கூடுதலாகக் குடித்தது. ஒருநாள் நிறுத்தி இறங்கியபோது இடது பின்சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தது. சக்கரத்தின் அருகில் கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பிறகும் அந்தப் பக்கம் மட்டும் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இனி இதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தது அப்போதுதான்.

என்னுடையது பழைய சிறிய கார். முன்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர், பின்னால் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்முக்குள் ஷூ எனும் இரண்டு வளைந்த கட்டைகள் விரிந்து அழுந்திப் பிடிக்கும் வகை. உங்கள் வண்டியில் லீவருக்குப் பதில் பொத்தான் இருந்தால் அது மின் ஹேண்ட் பிரேக். பெரும்பாலும் அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் கை வைக்க வேண்டும், இங்கே நான் சொல்வது அதற்குப் பொருந்தாது. பின்னால் டிஸ்க் இருந்தாலும் கேபிள் போகும் வழி ஏறத்தாழ இதேதான், சக்கரத்தில் மாட்டும் முனைதான் மாறும். சில வண்டிகளில் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரின் கைப்பிடியில் மாட்டும், சிலவற்றில் டிஸ்க்கின் நடுக் குடத்துக்குள் இதற்கென்றே ஒரு குட்டி டிரம் இருக்கும்.

முதலில் இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்வது நல்லது. நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி அதுதான். லீவரிலிருந்து ஒரு குட்டைக் கேபிளோ கம்பியோ பின்னோக்கி வந்து ஒரு தகட்டில் சேரும். ஈக்குவலைசர் என்பது அதுதான். அதன் இரு ஓரங்களிலிருந்தும் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு நீளக் கேபிள்கள் போகின்றன. இரண்டும் சமமாக இழுபட்டால் தகடு நேராக நிற்கும். ஒரு கேபிள் உறைக்குள் துருப்பிடித்து நகர மறுத்தால், மற்றது மட்டும் இழுபட்டுத் தகடு சாய்ந்துவிடும். என் வண்டியின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது தகடு அப்படித்தான் கோணிக்கொண்டு நின்றது. அதாவது இத்தனை நாளும் வலது சக்கரம் ஒன்றுதான் வண்டியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. நட்டை இறுக்க இறுக்க, நகராத இடது கேபிளை வலுக்கட்டாயமாக ஓரிடத்துக்கு இழுத்து, திரும்பிவர முடியாமல் அங்கேயே மாட்டவைத்தாயிற்று. குனிந்து பார்க்க ஒரு நிமிடம் போதும், யாரும் பார்க்கவில்லை.

சந்தேகம் தீர இன்னொரு சோதனையும் உண்டு. லீவர் அடியில் உள்ள நட்டை முழுவதும் தளர்த்தி, ஈக்குவலைசரிலிருந்து கேபிள் முனைகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். நல்ல கேபிள் வழுக்கிக்கொண்டு வந்து, விட்டதும் டிரம்முக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் விசையில் தானாகத் திரும்பிப் போகும். என் வலது கேபிள் அப்படிப் போனது. இடது கேபிளைக் கொறடு போட்டு இழுத்தும் அசையவில்லை. உறைக்குள் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். சில நாள் ஓடும், மறுப்பதற்கில்லை. ஆனால் இப்போதைய கேபிள்கள் பலவற்றில் உறையின் உட்புறம் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. அது எண்ணெய் கேட்காதது, விட்ட எண்ணெய் புழுதியைச் சேர்த்து வைக்கும். தண்ணீர் இறங்கித் துருவேறிய கேபிளை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே வயது, இரண்டும் குடித்தது ஒரே தண்ணீர்.

கேபிள் வாங்கியதில்தான் எனக்கு நேரம் வீணானது. வண்டியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் கேட்டுக்கொண்டு விற்பனையாளர் ஒரு ஜோடி அனுப்பினார். பெட்டியைத் திறந்தால் முனைகள் வேறு மாதிரி. பின்னால் டிஸ்க் உள்ள வகைக்கான கேபிள் அது. திருப்பி எடுத்துக்கொண்டார், ஆனால் போக வர அனுப்பும் செலவு என் தலையில் விழுந்தது. வண்டி அதுவரை சும்மா நின்றது. ஒரே பெயர், ஒரே ஆண்டு என்றாலும் பின்னால் டிரம்மா டிஸ்க்கா, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உண்டா இல்லையா என்பதற்கேற்பக் கேபிள் மாறலாம். ஆகவே சேஸிஸ் எண்ணைக் கொடுத்தே வாங்குங்கள். இடதும் வலதும் நீளத்தில் வேறுபடலாம், எது எந்தப் பக்கம் என்று உறையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழையதைக் கழற்றியதும் புதியதைப் பக்கத்தில் நீட்டிப்போட்டு உறையின் நீளம், இரு முனையிலும் வெளியே தெரியும் கம்பியின் நீளம், நடுவில் உள்ள பிடிமான வளையங்களின் இடம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட பிறகே மாட்டத் தொடங்குங்கள்.

வண்டியைத் தூக்குவது பற்றி ஒரு வார்த்தை. ஹேண்ட் பிரேக்கையே கழற்றிப் போடப் போகிறோம், எனவே வண்டியைப் பிடித்து நிறுத்த அது இருக்காது. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, முதல் கியரில் போட்டேன். பின்சக்கர இயக்கமுள்ள வண்டியில் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கியர் உதவாது, முட்டுக்கட்டைதான் காவல். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே லேசாகத் தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். ஜாக்கியில் தூக்கி, கையேடு காட்டும் இடத்தில் ஸ்டாண்டில் இறக்கி, வண்டியை ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தனியாக வேலை செய்கிறவர், இத்தனை மணிக்குள் நான் வெளியே வரவில்லை என்றால் வந்து பார் என்று வீட்டில் யாரிடமாவது சொல்லிவைப்பதும் நல்லது.

அடுத்து டிரம். வலது டிரம் தட்டியதும் வந்தது, இடது வரவே இல்லை. ஷூக்கள் விரிந்த நிலையில் மாட்டிக்கொண்டிருந்தன, அவை தேய்த்ததில் டிரம்மின் உள்விளிம்பில் ஒரு வரம்பும் ஏறியிருந்தது. டிரம்மை இழுத்தால் அந்த வரம்பு ஷூவில் மாட்டும். பல டிரம்களில் இதற்கென்றே மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும், பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட்டுக்கானவை. இரண்டு போல்ட்டைப் போட்டு, இதில் அரைச் சுற்று அதில் அரைச் சுற்று என மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் தானாக விலகி வரும். ஒன்றை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் மரை போய்விடும், டிரம் விரிசல்கூட விடும். என் நிலையில் அதற்கு முன்னால், பின்தகட்டில் (டிரம்முக்குப் பின்னால் சுழலாமல் நிற்கும் தகடு) உள்ள ரப்பர் மூடியைப் பிடுங்கி, அந்தத் துளை வழியாகத் திருப்புளியை விட்டு, ஷூக்களை விரிக்கும் பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பல்சக்கரம் பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் தானியங்கி நெம்பைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே, ஒவ்வொரு பல்லாகச் சுற்ற வேண்டும். இதற்கே பாதிப் பகல் போயிற்று.

டிரம் வந்ததும் உள்ளே இருக்கும் கருப்புத் தூளை ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், இல்லாவிட்டாலும் அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடித்து நனைத்துத் துடைத்தெடுங்கள். எதையும் கழற்றுவதற்கு முன் நாலு கோணத்தில் படம் எடுங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தில் கைவையுங்கள், எந்த ஸ்பிரிங் எங்கே என்ற குழப்பம் வரும்போது பிரிக்காத பக்கம் பதில் சொல்லும். டிரம் வெளியே இருக்கும்போது கால் பிரேக்கை யாரும் மிதிக்கக் கூடாது, மிதித்தால் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே தெறித்துவிடும். அப்படியே சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக நெம்பிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் அதற்கும் ஆயுள் முடிந்தது. என்னுடையவை காய்ந்துதான் இருந்தன. ஆனால் இடது ஷூக்களின் முகம் கண்ணாடிபோல் பளபளத்து விளிம்பு கருகியிருந்தது. பிரேக் ஷூவை ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது என்பதால் இரண்டு பக்கத்துக்கும் வாங்க நேர்ந்தது. திட்டத்தில் இல்லாத செலவுகளில் பெரியது இது.

இனி, என்னை மிகவும் படுத்திய இடம். கேபிளின் முனை டிரம்முக்குள் வந்து, பின்பக்க ஷூவில் உள்ள சிறு நெம்பின் கொக்கியில் மாட்டியிருக்கும். கம்பியைச் சுற்றி ஒரு ஸ்பிரிங் உண்டு. அதைக் கொறடால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்தபடி முனையைக் கொக்கியிலிருந்து வழுக்கி எடுத்தால் வந்துவிடும். அது எளிது. கேபிளின் உறை பின்தகட்டின் துளையில் உட்கார்ந்திருக்கும் விதம்தான் சிக்கல். துளைக்குள் நுழைந்ததும் விரிந்து பிடித்துக்கொள்ளும் எஃகு விரல்கள் அதில் இருக்கும். எல்லா விரல்களையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் உறை பின்பக்கமாக வெளியேறும். ஒன்றை அமுக்குவதற்குள் மற்றது விரிந்துகொள்ளும். திருப்புளியால் ஒவ்வொன்றாக நெம்பி, விரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். பிறகு கிடைத்த வழி இது: சரியான அளவு ரிங் ஸ்பேனரை, கொக்கியிலிருந்து விடுபட்ட முனையின் வழியாகக் கோத்து, விரல்களின்மேல் தள்ளினால் அதன் வட்டம் எல்லாவற்றையும் ஒருசேர அமுக்கிவிடும். என் வண்டிக்கு 13 மி.மீ. பொருந்தியது, உங்களுக்கு 12 அல்லது 14 ஆக இருக்கலாம். ஸ்பேனர் நுழைய இடமில்லாத வண்டியில், ரப்பர் குழாயை இறுக்கும் சிறிய வளையக் கிளிப்பைப் பிரித்து விரல்களைச் சுற்றிப் போட்டு இறுக்கலாம். எப்படியும் பழைய கேபிள் குப்பைக்குத்தான் போகப் போகிறது என்றால், அதை பின்தகட்டுக்கு வெளியே வெட்டிவிட்டு முனையில் சிறிய சாக்கெட்டைப் போட்டுச் சுத்தியலால் தட்டுவதும் உண்டு. முந்தைய நாள் இரவே துரு நீக்கும் திரவத்தை அங்கே பீய்ச்சிவைத்தால் பாதி மல்லுக்கட்டு குறையும்.

வண்டியின் நடுப்பகுதிக்கு வந்தால், கேபிள்கள் சைலன்சர் குழாய்க்கு மேலே, அனல் தடுக்கும் அலுமினியத் தகட்டின் பின்னால் ஒளிந்திருக்கும். அந்தத் தகட்டின் சிறிய போல்ட்டுகள் வருடக்கணக்கில் வெந்து துருவேறியவை, முரட்டுத்தனமாகத் திருகினால் தலை ஒடியும். என் வண்டியில் ஒன்று ஒடிந்தது. இறுக்கும் பக்கம் ஒரு சிறு அசைவு, தளர்த்தும் பக்கம் ஒரு அசைவு என மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்த மற்றவை நல்லபடியாக வந்தன. வண்டி ஓடி ஆறுவதற்கு முன் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், குழாய் நெடுநேரம் சுடும். பழைய கேபிளை உருவும்போது அது போன பாதையை ஒவ்வொரு வளையமாகப் படம் எடுத்துக்கொண்டேன். புதியதை அதே வழியில், எல்லாப் பிடிமானத்திலும் உட்காரவைப்பது முக்கியம். ஒரு கிளிப்பை விட்டாலும் கேபிள் தொங்கிச் சைலன்சரில் படும், உறை உருகும். கூர்மையாக வளைத்தால் உள்ளே உராய்வு கூடும். சக்கரம் தொங்கும் நிலையிலும், கீழே இறக்கியபின் அமுங்கிய நிலையிலும் கேபிள் டயரிலோ சஸ்பென்ஷனிலோ உரசவில்லை என்று பார்த்துவிடுங்கள்.

வேலை முடிந்தபின் ஆர்வத்தில் பழைய இடது கேபிளை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். சக்கரத்துக்குப் போகும் முன் கேபிள் தாழ்ந்து வளையும் இடத்தில் வெளிப் பிளாஸ்டிக் தேய்ந்து ஒரு சிறு கீறல் இருந்தது. அதன் வழியாக இறங்கிய தண்ணீர் அந்தத் தாழ்வில் தேங்கி நின்றிருக்கிறது. சுருளாகச் சுற்றிய எஃகுப் பட்டை செம்பொடியாக உதிர்ந்தது, நடுக் கம்பியின் இழைகளில் சில அறுந்து சுருண்டிருந்தன. அரை விரல் நீளப் பழுது அது. மற்ற இடமெல்லாம் புதிதுபோல் இருந்தது. டயர் மாற்றும்போதோ வேறு எதற்காகவோ வண்டி உயரத்தில் நிற்கும் சமயத்தில் அந்த வளைவையும், முனைகளில் உள்ள ரப்பர் மூடிகளையும் கண்ணால் பார்த்துக்கொண்டால் இவ்வளவு தூரம் போகாது.

எல்லாவற்றையும் மாட்டியபின் வருவது சரிசெய்தல். இதில் வரிசை மாறினால் செய்த வேலையெல்லாம் வீண், நான் கூலி கொடுத்த இடத்தில் நடக்காததும் இதுதான். முதலில் ஷூ, கடைசியில் கேபிள். கேபிளின் நட்டு முற்றிலும் தளர்வாக இருக்கும்போது, ஷூவில் உள்ள சிறு நெம்பு தன் இருப்பிடத்தில் முழுவதுமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அது கொஞ்சமேனும் இழுபட்டு நின்றால் ஷூக்கள் முழுமையாகச் சுருங்காது, தானியங்கிச் சரிசெய்தலும் வேலை செய்யாது. பிறகு டிரம்மை மாட்டி, பல்சக்கரத்தைச் சுற்றி, சக்கரத்தைக் கையால் சுழற்றும்போது லேசான உரசல் கேட்கும் அளவுக்கு ஷூக்களை விரித்துவிட வேண்டும். இரண்டு டிரம்மும் மாட்டியிருக்கும்போது கால் பிரேக்கைப் பலமுறை மிதித்தால் ஷூக்கள் நடுவில் வந்து அமரும். இதற்குப் பிறகுதான் லீவர் அடியில் உள்ள நட்டு. லீவரைப் பலமாகச் சில முறை இழுத்து விட்டுப் புதுக் கேபிளை நீட்டிக்கொள்ளச் செய்து, அதன்பின் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பல வண்டிகளின் கையேட்டில் ஏறத்தாழ 20 கிலோ விசையில் இழுத்தால் இத்தனை பல் என்று போட்டிருக்கும். என் வண்டிக்கு 6 முதல் 8. உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள், யாரோ சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். குறைந்த பல்லில் பிடிக்கிறதே என்று மகிழ்ந்து இன்னும் இறுக்கினால், சக்கரம் சூடாகும் கதை புதுக் கேபிளோடு மறுபடி தொடங்கும்.

லீவரை முழுவதும் இறக்கியபின் இரண்டு பின்சக்கரமும் அந்த லேசான உரசலைத் தவிர வேறு தடையில்லாமல் சுழல வேண்டும். ஒவ்வொரு பல்லாக ஏற்றும்போது இரண்டும் ஒரே பல்லில் இறுகத் தொடங்கி, ஒரே பல்லில் நிற்க வேண்டும். ஒன்று முந்தினால் நட்டைத் தொடாமல் மறுபடி ஷூவுக்கே போங்கள். முதல் பல்லிலேயே டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, இறக்கியதும் அணைகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பிறகு ஆள் நடமாட்டமில்லாத சரிவில், கால் பிரேக்கின்மேல் காலைத் தயாராக வைத்துக்கொண்டு, வண்டியின் முகம் மேல்நோக்கி ஒருமுறையும் கீழ்நோக்கி ஒருமுறையும் நிறுத்திப் பாருங்கள். டிரம் பிரேக் இரண்டு திசையிலும் ஒரேமாதிரி பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பழகிய மெக்கானிக் ஒரு முற்பகலில் முடிக்கும் வேலை எனக்கு ஒரு வார இறுதியை முழுவதும் விழுங்கி அடுத்ததிலும் கைவைத்தது. செலவைப் பார்த்தால் கேபிள்தான் இருப்பதிலேயே மலிவு. கருகிய ஷூக்கள், தவறான கேபிள் போய்வந்த செலவு, முன்பு கொடுத்த கூலிகள் எல்லாம் சேர்ந்தபோதுதான் பில் கனத்தது. இதையெல்லாம் படித்துவிட்டு ஒர்க் ஷாப்புக்கே விடலாம் என்று தோன்றினாலும் தப்பில்லை. அப்போது, நட்டில் கைவைக்கும் முன் டிரம்மைக் கழற்றி எனக்குக் காட்டுங்கள் என்று மட்டும் கேளுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

புதுக் கேபிள் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் கொஞ்சம் நீண்டுகொடுக்கும். எனக்கு ஒரு பல் கூடியது. ஷூ சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நட்டை அரைச் சுற்று இறுக்கினேன், அதோடு நின்றது. முதல் சில பயணங்களில் இறங்கியதும் இரண்டு பின்சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிச் சூட்டை ஒப்பிடுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அனல் தகட்டின் ஒடிந்த போல்ட்டுக்குப் பக்கத்தில் வேறு துளையிட்டு, பெரிய வாஷர் வைத்து முடுக்கியிருக்கிறேன். இதுவரை கடகடவென்று சத்தம் எதுவும் இல்லை.